சீழ்க்கை கேட்டால் நிற்கும்

சீழ்க்கை வலப்பக்கத்திலிருந்து வந்தது. டெல்மர் நடந்துகொண்டிருந்ததோ இடப்பக்கம்.

ஓடிக்கொண்டிருந்த முயல் சட்டென்று நின்று, காதை நிமிர்த்தியது. நெவாடாவில் முயல் சுடப் போகிற எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான்: ஓடுகிற முயலைச் சுடுவது சிரமம், ஒரு சீழ்க்கை அடித்தால் என்னவென்று பார்க்க அது நிற்கும், அந்த ஒரு நொடி போதும். ஹாலிஸ் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டான், ஆனால் சுடவில்லை. வலப்பக்கம் வறண்ட ஏரிதான் கிடந்தது. அடிவானம் வரைக்கும் வெள்ளை உப்பு, ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூடக் கிடையாது.

"மாப்பிள, விசில் அடிச்சது நீயா?" என்று நூறடி தள்ளி வந்துகொண்டிருந்த தங்கை புருஷன் டெல்மரைப் பார்த்துக் கத்தினான்.

"குளிர்ல உதடு வெடிச்சுக் கெடக்கு, நான் எங்க அடிக்கறது? நீயே அடிச்சுட்டு என்னைக் கேக்கறியா மச்சான்?"

"விளையாடாத. போதும், வண்டிக்குப் போயிரலாம்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. வெறுங்கையோட போனா உன் தங்கச்சி என்னையே வதக்கிருவா."

டெல்மருக்கு எப்போதும் வாய் அதிகம். அவன் மனைவி லெனோராவுக்கு இது ஒன்பதாம் மாதம். முயல் கறிக்கு ஆசைப்பட்டவளே, புறப்படும்போது ஹாலிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "பொழுது சாயறதுக்குள்ள இவரக் கொண்டாந்து சேத்துருண்ணே" என்றாள். சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். இப்போது வெயில் மலைக்குப் பின்னால் இறங்க ஆரம்பித்திருந்தது, காற்று நின்றுபோய் மிதிபட்ட புதர்களின் கசப்பு வாடை மூக்கிலேயே தங்கியது, தன் காலடியில் நொறுங்கும் உப்பின் சத்தத்தைத் தவிர வேறெந்தச் சத்தமும் அந்த வெட்டவெளியில் இல்லை.

மறுபடியும் சீழ்க்கை. அதே நீளம், இன்னும் கிட்டத்தில்.

புதர்களுக்கிடையே இத்தனை நேரம் கண்ணில் படாத முயல்களெல்லாம் எழும்பி நின்றன. இருபது, நாற்பது, அதற்கு மேலும் இருக்கும். ஒன்றுகூட வேட்டைக்காரர்களைப் பார்க்கவில்லை. எல்லாம் ஏரிப் பக்கம் பார்த்தன.

டெல்மரும் நின்றிருந்தான்.

"மாப்பிள?"

ஹாலிஸ் குரலை உயர்த்தினான்.

"டெல்மர்! லெனோரா காத்திட்டிருப்பாடா, வா!"

அவன் அசையவில்லை. துப்பாக்கியின் தொலைநோக்கியில் மனிதனைப் பார்க்கக் கூடாது; துப்பாக்கி பிடிக்கிறவனுக்கு முதலில் சொல்லித்தருவதே அதுதான். ஹாலிஸ் குண்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பாவத்தைச் செய்தான்.

கண்ணாடிக்குள் டெல்மரின் முகம் மிக அருகில் தெரிந்தது. ஒரு கால் அந்தரத்தில் நின்றது. உதடுகள் இறுகிக் கிடந்தன. கண்கள் மட்டும் அசைந்தன. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நிற்க வேண்டும் என்று அவன் நிற்கவில்லை.

பிறகு விழுந்தான்.

வெடிச் சத்தமே இல்லை.

ஹாலிஸ் அவன் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினான். பத்தடி. இருபதடி. முப்பதாவது அடியில் கால் தரையில் ஊன்றுவதற்குள், காதருகே சீழ்க்கை.

கால் இறங்கவில்லை.

ஓடு என்றான் மனதுக்குள். ஓடு. தங்கச்சிக்கு என்ன பதில் சொல்வாய், ஓடு. நாக்குகூடப் புரளவில்லை.

எதிரே டெல்மரின் இரண்டு கால்களும் சேர்ந்து மெல்ல எழும்பின. பிறகு இடுப்பு. பிறகு தோள். கைகள் தொங்க, தலைகீழாக, ஆளுயரத்துக்கு மேலே போய் நின்றான். பிடித்திருந்த கை எதுவும் தெரியவில்லை. பிடித்திருந்தது எதுவோ அது, கனத்தைப் பார்ப்பதுபோல் ஒருமுறை அவனைக் குலுக்கிப் பார்த்தது.

உப்பு நொறுங்கியது.

தொங்கிய உடம்பு, நடக்கிறவன் கையில் ஆடுவதுபோல் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஹாலிஸை நோக்கி வந்துகொண்டிருந்தது.