வாயசைப்பு

ஹெட்போனை மாட்டியதுமே யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. நடிகர் இன்னும் இழுத்திருக்கவில்லை.

"யாருப்பா அது லைன்ல?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த ஒலிப்பதிவாளர் சிரித்தார். "உங்க மூச்சுதான் சார். இந்த மைக் பொல்லாதது. எறும்பு தும்மினாக்கூடப் பிடிச்சுடும்."

அவர் பக்கத்தில் நடிகரின் மகள், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். சின்னவளாக இருந்தபோது தூக்கம் வராமல், "அப்பா, ஒரு பாட்டுப் பாடுங்க" என்று கேட்பாள். இவர் எழுந்துபோய் இசைத்தட்டைச் சுழலவிடுவார். திரையில் இவர் வாயசைத்த பாட்டெல்லாம் ஒரே பாடகர் பாடியவை.

அந்தப் பாடகர் போன வருடம் செத்துப்போனார். துக்கம் கேட்க வந்த கூட்டம் பாடகரின் மனைவியை விட்டுவிட்டு இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது.

"உங்க குரலே போயிடுச்சே சார்!"

"உள்ள படுத்திருக்காரே, அவருக்கும் ஒரு பேர் இருந்துச்சு" என்றாள் அந்த அம்மாள். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகுதான் இவரே பாடும் இந்த ஆல்பம். சோல் என்கிற மேல்நாட்டு இசை. குரல் உடைந்தாலும் கரகரத்தாலும் அதுவே அழகு, உள்ளே இருப்பது வெளியே வந்தால் போதும் என்றார்கள். கண்ணை மூடுவதற்குள் தன் சொந்தக் குரல் மகள் காதில் ஒரு தடவையாவது விழவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

ஜன்னலே இல்லாத அறை, சுவரெல்லாம் ஒட்டியிருந்த பஞ்சு செருப்புச் சத்தத்தைக்கூட விழுங்கிவிட, சூடேறிய கம்பிகளின் வாடையும் பழைய கம்பளத்தின் தூசியும் மூக்கில் ஏற, அதற்கும் அடியில், மெல்ல, யாரோ பக்கத்தில் நின்று வாயைத் திறந்ததுபோல, கிராம்பு மணந்தது.

பாடுமுன் கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொள்வது பாடகரின் வழக்கம். பிறகு ஒரே ஒரு கனைப்பு.

"அங்க யாராச்சும் கிராம்பு மெல்றீங்களா?"

"இல்லையே சார். ஆரம்பிக்கலாமா?"

முதல் வரியைப் பாடினார். ஓட்டைப் பானையில் காற்று புகுந்தமாதிரிதான் இருந்தது. ஆனாலும் அவருடைய குரல். கண்ணாடிக்குப் பின்னால் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துபோய் இரண்டாவது வரியை எடுத்தார். அதற்கு அடியில் இன்னொரு குரல் வந்து ஒட்டிக்கொண்டது. மூன்றாவது வரியில் கரகரப்பே இல்லை. வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனது பாட்டு.

பயந்துபோய் நிறுத்தினார்.

பாட்டு நிற்கவில்லை.

உதடுகளும் நிற்கவில்லை.

கையைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. கத்தப் பார்த்தார். உதடு அடுத்த வரிக்குக் குவிந்தது. காலமெல்லாம் பழகிய உதடு. ஓர் எழுத்துப் பிசகவில்லை.

மகள் எழுந்து நின்றிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

"அப்பா! இவ்ளோ நல்லாப் பாடுவீங்களா? இத்தனை நாளும் ஏம்ப்பா என்கிட்ட மறைச்சீங்க?"

நான் இல்லம்மா. நான் இல்ல.

பாட்டு முடிந்தது. அவர் தொண்டை ஒருமுறை கனைத்துக்கொண்டது. நாக்கு, கன்னத்துக்குள் எதையோ புரட்டியது. காரம்.

"நல்லா இருந்துச்சாம்மா?" என்று கேட்டது வாய்.

அவர் கைகள் ஹெட்போனைக் கழற்றி மைக் கம்பியில் மாட்டின. அப்போதுதான் கேட்டது. ஹெட்போனுக்குள்ளிருந்து, மெல்லிசாக, உடைந்துபோய்.

"குட்டி... அது நான் இல்லம்மா... குட்டி..."

அவருடைய சொந்தக் குரல்.

"சார், ஹெட்போன்ல ஏதோ கரகரன்னு சத்தம் வருது" என்றார் ஒலிப்பதிவாளர்.

"பழசு. அணைச்சுடுங்க."

சுவிட்ச் விழுந்தது. விளக்கும் போனது. மகள் ஓடிவந்து அவர் கையைக் கோத்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போனதும் எனக்கே எனக்குன்னு ஒண்ணு பாடணும். சரியா?"

"உனக்கில்லாததா?"

வாய் சிரித்தது. கால்கள் நடந்தன. பின்னால், கதவு மெல்ல மெல்லச் சாத்திக்கொண்டிருந்த இருட்டில், மின்சாரமே இல்லாத ஹெட்போன் கம்பியில் ஆடியபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"குட்டி..."