பஞ்சு யானை

தையற்காரி அந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்து இறங்கிய அன்று, தன் தையல் மெஷினை வைக்க இடம் தேடவே அரை நாள் ஆயிற்று. கணவன் ரேடியோ ரிப்பேர் செய்பவன். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். உடைந்த குடை, ஊமையான ரேடியோ, மூடியில்லாத டப்பா, எதுவுமே அந்த வீட்டை விட்டு வெளியே போனதில்லை. போனது ஒருத்திதான், முதல் மனைவி. மூச்சு இழுப்பு வந்து செத்தாள் என்றார்கள்.

அவள் விட்டுப்போன ஆறு வயதுப் பெண் குழந்தை முதல் வாரமே தையற்காரியிடம் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் குழந்தை என்றால் உயிர்.

மழைக்காகப் பள்ளிக்கூடம் மூடிய ஒரு காலையில், "சித்தி, எனக்கு ஒரு யானை செஞ்சு தர்றியா?" என்று கேட்டது.

பழைய சாம்பல்நிறக் கால்சட்டை ஒன்றை வெட்டினாள். காதுக்கு இரண்டு துண்டு, தும்பிக்கைக்கு ஒன்று, கண்ணுக்குச் சட்டைப் பொத்தான். உள்ளே அடைக்கப் பஞ்சுதான் இல்லை. பரணில் துழாவியபோது ஒரு தலையணை அகப்பட்டது. புது உறை போட்டு, மூட்டைகளுக்குப் பின்னால் செருகியிருந்தது.

எந்தத் துணியானாலும் உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிடுவது அவள் தொழில் பழக்கம். புது உறைக்குள் ஒரு பழைய உறை. அதன் நடுவில் காய்ந்த கறை. கறையின் மேலும் கீழும் வளைவாகச் சிறு சிறு ஓட்டைகள். எலி கடித்திருக்கும் என்று நினைத்து, உறையை நாற்காலியில் போட்டுவிட்டுப் பஞ்சை அடைத்தாள். மிச்சத்தை ஒரு பேசினில் வைத்தாள்.

யானை உள்ளங்கை அளவுதான். குழந்தை அதைக் காதில் வைத்துக்கொண்டது.

"மூச்சு விடுது சித்தி."

அவளும் காதில் வைத்துப் பார்த்தாள். எங்கோ ஆழத்தில், இழுத்து இழுத்து, ஒரு விசில் சத்தம். மழைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மதியம் கணவன் வந்தான். சாப்பிட உட்கார்ந்தவன் கண்ணில் நாற்காலியில் கிடந்த உறை பட்டது. எடுத்த கை அப்படியே நின்றது.

"இதை யாரு பிரிக்கச் சொன்னது?"

"பொம்மைக்குப் பஞ்சு வேணும்னுதாங்க…"

அவன் குழந்தையை அடுத்த அறைக்கு விரட்டினான். கிட்டே வந்தான். குரல் ரகசியமாக இருந்தது.

"வாயைத் திறந்தே, உனக்கும் இழுப்பு வரும்."

எலி கடித்ததல்ல அது. பல் பதிந்த தடம்.  எல்லாவற்றையும் சேர்த்துவைக்கும் பாவிக்கு, ஆளைக் கொன்ற தலையணையைக்கூடத் தூக்கிப்போட மனம் வரவில்லை!

வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினான். குழந்தையிடமிருந்து யானையைப் பிடுங்கினான். "சாயந்தரம் எரிச்சுடறேன். அப்புறம் உன்கிட்ட பேசறேன்" என்று படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான்.

அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இன்று சாயந்தரத்தைத் தாண்டுவோமா என்பது ஒன்றே மனதில் ஓடியது.

மழை நின்றது.

விசில் சத்தம் நிற்கவில்லை.

படுக்கையறைக்குள்ளிருந்து வந்தது. கூடவே, கட்டில் காலை யாரோ உதைக்கும் சத்தம். கதவு இடுக்கில் கண் வைத்தாள்.

உள்ளங்கை அகல யானை அவன் முகத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

அது அசையவில்லை.

கூப்பிட வாயெடுத்தாள். குரல் வரவில்லை. வர வேண்டாம் என்று இருந்தாளோ என்னவோ.

உதைப்பது நின்றது. உள்ளே போட்டிருந்த தாழ்ப்பாள் தானாக விலகியது.

போய் யானையை எடுத்தாள். கனமே இல்லை, வெறும் பஞ்சு. அவன் இடுப்பிலிருந்து சாவியையும் எடுத்துக்கொண்டாள்.

வந்து பார்த்த டாக்டர், இழுப்பு என்றே எழுதிக்கொடுத்தார்.

மூன்றாம் நாள் அவனுடைய அக்கா வெளியூரிலிருந்து வந்தாள். "என் தம்பி யாருக்கு என்ன பாவம் பண்ணினான்!" என்று தெருவுக்கே கேட்க நீலிக்கண்ணீர் வடித்தாள். குழந்தை யானையைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் தையற்காரியின் காதோரம் வந்தது.

"சித்தி, அன்னிக்கு அத்தைதான் காலைப் பிடிச்சுக்கிட்டாங்களாம். அம்மா சொல்றாங்க."

அம்மா செத்த அன்று குழந்தை பள்ளிக்கூடத்தில் இருந்தது. வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று அதற்குத் தெரிய வழியே இல்லை.

 தையற்காரிக்குப் பயம் போய் வேறொன்று வந்திருந்தது. எழுந்து ஊசியில் நூலைக் கோத்தாள்.

"அண்ணி, அழுது களைச்சுட்டீங்க. உள்ள போய்ப் படுங்க" என்றாள் அன்பாக. "தம்பி ஞாபகமா உங்களுக்கு ஒரு பொம்மை செஞ்சு தரேன். முயல் பிடிக்குமா, யானை பிடிக்குமா?"

பேசினில் மிச்சமிருந்த பஞ்சு, மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.