கிழக்கு பார்த்த கருவூலம்

நாகமணி தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு யாமினி கதவைத் தட்டினாள். கட்டடக்கலை வரலாற்றில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பெண். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஆன்ட்டி, என்கூடப் படிக்கிற ஜெயபிரகாஷ் என் ரிசர்ச்சைத் தன்னோடதுன்னு சொல்றான். மதியம் புரொபசர் முடிவு சொல்வாங்க. நான்தான் காப்பி அடிச்சேன்னு ஆயிட்டா, டிபார்ட்மென்ட்டை விட்டே அனுப்பிடுவாங்க."

வேலுமணிக்குக் கை பரபரத்தது. இடிந்த வீடுகளுக்கு நஷ்டஈடு கேட்பவர்களின் புளுகைப் பிடிப்பதுதான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அவர் மனைவி நாகமணி பார்த்த வேலை. அவள் ஓய்வு பெற்ற பிறகு வழக்குக்காக ஏங்கியது அவளல்ல, அவர்தான்.

யாமினி விவரம் சொன்னாள். கிரேக்கத்தில் ஒரு பழைய புனிதத் தலம். காணிக்கைகளை வைக்க ஒவ்வொரு ஊரும் அங்கே ஒரு கருவூலம் கட்டியிருந்தது. பார்வைக்குக் குட்டிக் கோயில் மாதிரி இருக்கும். அதில் ஒன்றுக்கு அஸ்திவாரம் மட்டுமே மிச்சம். அதை அளக்கத்தான் போன கோடையில் அவளும் ஜெயபிரகாஷும் போனார்கள்.

"அவன் ஃபீவர்னு ஹோட்டல்லயே படுத்துட்டான். தனியா அளந்தேன். கிழக்குப் பக்கம் பாறையில தேய்ஞ்சு என் சட்டையே கிழிஞ்சுது. டிராயிங்கை ரெண்டு பேருக்கும் பொதுவான அக்கவுன்ட்ல போட்டது என் தப்பு."

நாகமணி அவள் போனில் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். நாலு பக்கமும் கோடு, வாசல் குறிக்கப்படவில்லை. மேற்குப் பக்க அஸ்திவாரம் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு அகலம்.

"என்னங்க, காரை எடுங்க."

"தோசை?"

"வந்து சாப்பிடலாம்."

தான் செய்த மாடலை ஜெயபிரகாஷ் அப்போதுதான் பேராசிரியர் அனந்தலக்ஷ்மியின் மேசையில் வைத்துக்கொண்டிருந்தான். திசைகள் குறித்த தட்டின்மேல் வெள்ளை அட்டைக் கட்டடம், கிழக்கு பார்த்த முகப்பில் இரண்டு தூண்கள், நடுவே கதவு. வேலைப்பாட்டைப் பார்த்ததும், இவன்தான் ஜெயித்துவிடுவானோ என்று வேலுமணிக்குத் தோன்றியது.

பேராசிரியர் அனுமதி தந்ததும் நாகமணி நிதானமாகக் கேட்டாள்.

"ரொம்ப அழகா இருக்குப்பா. டிராயிங்ல வாசலே இல்லையே, எப்படிக் கண்டுபிடிச்சே?"

"சிம்பிள் ஆன்ட்டி. கோயில்னா கிழக்கு பார்த்துத்தானே இருக்கும்? கிரீஸ்லயும் முக்கால்வாசி அப்படித்தான்."

வேலுமணி தன்னையறியாமல் தலையாட்டிவிட்டார். கிழக்கு வாசல் வீடு தேடி நியூஜெர்சி முழுக்க அலைந்தவர் அவர்.

"இது கோயில் இல்லப்பா, கருவூலம். ஒவ்வொரு ஊரும் தன் பெருமையைக் காட்டக் கட்டினது. கல்யாணத்துல சீர்வரிசைத் தட்டை யாராவது சுவரைப் பார்த்து அடுக்குவாங்களா? வர்றவங்க கண்ணுல படத்தானே வைப்போம்? மேடம், அங்க ஜனங்க நடக்கற பாதை எந்தப் பக்கம்?"

"மேற்கே" என்றார் பேராசிரியர்.

"அந்தப் பக்க அஸ்திவாரம்தான் அகலம். முகப்புத் தூண் ரெண்டையும் அதுதான் தாங்கணும். அளந்தவங்களுக்கு இது தெரியாமப் போகாது."

ஜெயபிரகாஷ் சமாளித்தான். "அது இன்டர்பிரட்டேஷன் மேம். அதுல தப்பு பண்ணியிருக்கலாம். அளந்தது நான்தான்."

"சரி, கிழக்குப் பக்கம் நின்னு அளந்தியே, பின்னாடி என்ன இருந்துச்சு?"

"ஓப்பன் ஸ்பேஸ்தான் ஆன்ட்டி. புல்லு."

பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அங்க செங்குத்தான பாறை இருக்கு. ஒரு ஆள் நுழையறதே கஷ்டம். நான் போயிருக்கேன், ஜெயபிரகாஷ். நீ போகலை."

"இந்தக் கதவைத் தொறந்தா மூக்குத்தான் ஒடையுமுங்க!" என்றார் வேலுமணி. அடக்கிக்கொள்ள முடியவில்லை.

ஜெயபிரகாஷ் தலைகுனிந்தான்.

"யாமினி, இது உன் ஆய்வு. உன் பேர்லதான் வெளியே போகும்" என்றார் பேராசிரியர்.

யாமினி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையருகே வந்தாள். அட்டைக் கட்டடத்தைத் தூக்கி, தூண்கள் பாதையைப் பார்க்கும்படி மேற்கே திருப்பி வைத்தாள்.