இரண்டு நொடிப் பதில்

காலை 9.40. போர்ப் பயிற்சிக்குப் போன பட்டாலியனின் நாற்பது லாரிகளும் ஆற்றுக்கு அக்கரையில் அச்சு வரை சேற்றில் புதைந்து நின்றன. மழையில் அந்தப் பக்கம் சதுப்பாகிவிட்டது, பாலத்தைத் தாண்டாமல் திரும்புங்கள் என்று தளபதி 9.12-க்கே உத்தரவு அனுப்பியிருந்தார். அது வழியில் காணாமல் போயிருந்தது.

பிற்பகல் 3.00. தலைமையகத்து விசாரணை அறை. பட்டாலியன் மேஜர் முழங்கால் சேறோடு நின்றார். அவரைப் பதவிநீக்கும் கடிதத்தில் தளபதியின் கையெழுத்துதான் பாக்கி.

"உத்தரவே வரல சார்."

"'கிடைத்தது'ன்னு பதில் வந்திருக்கே! பேயா அனுப்புச்சு?"

சிக்னல் கேப்டன் பதில் அச்சான தாளை நீட்டினார். தளபதியின் மாப்பிள்ளை. செய்தித் தொடர்பை வேகமாக்கியதற்குப் போன வாரம்தான் பாராட்டுப் பத்திரம் வாங்கியவர்.

தகவல் அமைப்பை ஆராய வந்திருந்த இன்ஜினியரம்மா போர்டில் நாலு கட்டம் போட்டார். தளபதி அறை, சிக்னல் அறை, மலைக் கோபுரம், பட்டாலியன். நடுவே உத்தரவு போகும் வழிக்கு அம்புக்குறிகள்.

"படம் வரைய இதுவா நேரம்?"

"ஆள் ஆளா விசாரிச்சா எல்லாரும் நல்லவங்கதான் சார். அம்பு அம்பா விசாரிப்போம்."

3.10. கோபுரத்துக்குப் போன் போட்டார்.

"காலையில ஏதாவது கோளாறா?"

"ஃபியூஸ் போச்சும்மா. 9.05லேர்ந்து 9.20 வரைக்கும் கோபுரமே செத்துக் கிடந்துச்சு. சிக்னல் அறைக்கு அப்பவே சொல்லிட்டேன்."

அடுத்து, ஒரு மாதத்துப் பதில் தாள்களைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். எந்த உத்தரவுக்கும் பதில் சரியாக இரண்டே நொடியில் வந்திருந்தது.

"என் படை அப்படி!" என்றார் தளபதி பெருமையாக.

"மேஜர், குளிக்கும்போதுமா?"

"குளிச்சு முடிச்சுத்தாம்மா பதில் போடுவேன்."

இன்ஜினியரம்மா சாக்பீஸை எடுத்தார்.

"பதில்ல என்ன இருக்குன்னு எல்லாரும் பார்த்தீங்க. எப்ப வந்துச்சுன்னு யாரும் பார்க்கல. குலுங்குற லாரியில போற மனுஷன் ரெண்டு நொடியில படிச்சுப் பதில் போட முடியுமா? 9.12-க்கு உத்தரவு போனப்ப கோபுரம் செத்துக் கிடந்துச்சு, பட்டாலியன்லேர்ந்து ஒரு முனகல்கூட வந்திருக்காது. ஆக, பதில் பிறந்தது மலைக்கு இந்தப் பக்கம்."

சாக்பீஸ் சிக்னல் அறைக் கட்டத்தில் நின்றது.

"கேப்டன், உங்க மெஷின்தானே தானா 'கிடைத்தது' சொல்லிக்குது?"

கேப்டனுக்கு வியர்த்தது. "மாமா... இல்ல, சார்... பதில் ஒரு நிமிஷம் தாண்டினா தண்டனைன்னு நீங்க சுற்றறிக்கை விட்டீங்க. அதான் மெஷினையே சொல்ல வெச்சேன். கோபுரம் படுத்ததையும் மறைச்சுட்டேன்."

தளபதியின் மீசை இறங்கியது.

"தப்பு அவரோடதுதான்," என்றார் இன்ஜினியரம்மா. "ஆனா வேகத்துக்கு மட்டும் மார்க் போட்டா, வேகம் மட்டும்தான் சார் கிடைக்கும்."

தளபதி கடிதத்தைக் கிழித்தார். எழுந்து போய் மேஜரின் கையைப் பிடித்தார். "மன்னிச்சிடுங்க. உங்க பேச்சை நான் கேட்டிருக்கணும்."

மேஜரின் கண் கலங்கிவிட்டது.

"கேப்டன், பாராட்டுப் பத்திரத்தை வெச்சுட்டு மண்வெட்டியை எடுங்க. நாற்பது லாரியும் வெளியே வர்ற வரைக்கும் நீங்க அங்கதான்."

"சரி சார்." கேப்டன் தயங்கினார். "வீட்டுல உங்க பொண்ணுகிட்ட யார் சொல்றது?"

தளபதி கதவைப் பார்த்தார்; அவர் குரல் தானாகத் தணிந்தது.

"நீங்களே சொல்லிடுங்க மாப்பிள்ளை. அவகிட்ட பேசுற அளவுக்கு எனக்கு தைரியம் கிடையாது."