மறுபூஜை நடக்காத புத்தகங்கள்

மடத்திலிருந்து திரும்பி வந்த மகளின் உயிரியல் புத்தகம் ஈரமாக இருந்தது. தண்ணீர் ஈரமில்லை. ஸ்ரீதேவி பக்கத்தைப் புரட்டியபோது விரலோடு கொழகொழவென்று நூலிழுத்துக்கொண்டு வந்தது. பல் விளக்காத வாயின் நாற்றமும் வெற்றிலைச் சாற்றின் புளிப்பும் மூக்கில் ஏறின. இதயத்தைப் பற்றிய பாடத்தில் படம் மட்டும் இருந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லை.

சரஸ்வதி பூஜைக்கு அடுக்கிய புத்தகத்தை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். கல்பாக்கம் குடியிருப்பில் பாதிப்பேர் இந்த வருஷம் நெம்மேலிக் கடலோர மடத்தில் கொண்டுபோய் அடுக்கினார்கள். விஜயதசமி போய்ப் பத்து நாளாகியும், "இன்னும் உத்தரவு வரவில்லை. அதுவரை யாரும் எதையும் படிக்க வேண்டாம்" என்றார் மடத்துக் குருஜி. அணு உலையையே கணக்குப் போட்டு ஓட்டுகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். கேப்பையில் நெய் வடிகிறதென்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று? ஸ்ரீதேவியும்தான் போட்டுக்கொண்டாள். இப்போது நினைத்தால் அவளுக்கே தன்மேல் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

"குருஜி பிரசாதமா இது ஒண்ணை மட்டும் குடுத்திருக்கார். தூக்கிப் போட்டுடாதே," என்றான் கணவன் சீனு, ஸ்டாஃப் பஸ்ஸுக்கு ஷூ மாட்டிக்கொண்டே.

பத்தாவது படிக்கும் மகள் சஹானாவைக் கூப்பிட்டாள். "இதயத்துக்கு எத்தனை அறைடி?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற பெண். வெகுநேரம் யோசித்தாள். கடைவாயில் எச்சில் ஒழுகியது.

"இதயம்னா என்னம்மா?"

பரீட்சை கிடக்கட்டும், பெண்ணே கரைந்துகொண்டிருந்தாள். மதியம் கடிகாரம் பார்க்கத் தெரியவில்லை. சாயங்காலம் பேச்சே நின்றுவிட்டது. மீதிப் புத்தகங்களையாவது பிடுங்கி வந்துவிட வேண்டும் என்று மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

மடத்து வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த எல்லம்மாள் மறித்தாள். "இன்னாமா, இப்ப உள்ள போவாத. அவரு சாப்புட்டுகினு கீறாரு."

மகளை அவளருகே உட்காரவைத்துவிட்டு ஸ்ரீதேவி உள்ளே போனாள். பூஜைக்கூடத்தில் கூரைவரை புத்தகங்கள். அழுகிய தேங்காயும் சந்தனமும் ஊறிய காகிதமும் கடல் உப்புக்காற்றில் கலந்து தொண்டைக்குள் பாசிபோல் படிந்தன. விளக்கு ஒன்றுதான் எரிந்தது, அதன் வெளிச்சம் எட்டாத மூலையிலிருந்து, கன்றை நக்கும் பசுவின் நாக்கு போல, சொரசொரவென்று ஒரு சத்தம் நிதானமாக வந்துகொண்டே இருந்தது.

கிட்டே போனாள். கண் இருட்டுக்குப் பழகியது.

குருஜியின் மடியில் சஹானாவின் கணக்கு நோட்டு. லேபிளில் அவள் பெயர்.

நக்கிக்கொண்டிருந்தார். வரி வரியாக.

மோவாய்க்குக் கீழே தொங்கியது நாக்கு. கன்னங்கரேலென்று. அதன்மேல் எழுத்துகள், வெல்லத்தில் மொய்த்த எறும்புகளாக. நெளிந்தன. சில உதட்டோரம் தப்பி ஓடின. விரலால் வழித்து உள்ளே போட்டுக்கொண்டார்.

ஸ்ரீதேவி அங்கேயே வாந்தியெடுத்தாள்.

"குடுங்க! என் பொண்ணோடது!" நோட்டை இழுத்தாள். வழவழப்பில் கை நழுவியது.

அவர் கோபப்படவில்லை. விழுங்கினார். தொண்டையில் ஒரு கட்டி இறங்கியது. ஏப்பம் விட்டார். பிறகு ஒப்பிக்கத் தொடங்கினார்.

"ஒரு செங்கோண முக்கோணத்தில்... கர்ணத்தின் வர்க்கம்..."

சஹானாவின் குரல். அதே இழுவை. நடுவில் அதே மூச்சு வாங்கல்.

பின்னால் காலடி. திரும்பினாள். மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். வாய் திறந்திருந்தது. உள்ளே நாக்கு, எழுதாத தாள்போல் வெள்ளையாக.

"சஹானா!" என்று அலறினாள்.

பெண்ணின் உதடு அசையவில்லை.

"என்னம்மா?" என்றது முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் கரிய வாய்.