படத்தில் உள்ளபடியே

மெத்தையின் ஓரத்தில் வைத்த பேனா, யாரும் தொடாமல், உருண்டு போய் நடுவில் நின்றது. எடுத்து மறுபடி ஓரத்தில் வைத்தான். மறுபடியும் உருண்டது. நேற்றுவரை பலகை போலச் சமமாக இருந்த மெத்தை அது.

அலுவலகத்தில் அவனுக்கு ‘வாபஸ்’ என்று பேர். மற்றவனாக இருந்தால் கூசிப் போயிருப்பான். இவனோ அதைப் பட்டம் கிடைத்த மாதிரி சுமந்து திரிந்தான். கிரெடிட் கார்டில் பொருள் வாங்குவது, வந்ததும் பழுது என்று வங்கிக்குப் புகார் எழுதுவது, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு பொருளையும் வைத்துக்கொள்வது. இதுதான் அவன் மூளையின் மொத்தக் கொள்ளளவு. பெட்டி, காலணி, மிக்ஸி என்று இதுவரை ஏழு தடவை ஜெயித்திருந்தான். பழுதான பொருளை எடுத்துப்போக வண்டி அனுப்பினால் கடைக்காரனுக்குக் கட்டுப்படியாகாது, அதனால் ஒருத்தனும் வரமாட்டான் என்பது அவன் கண்டுபிடித்த ரகசியம்.

எட்டாவது இந்த மெத்தை. கட்டிலின் குறுக்குப் பலகைகளில் இரண்டை உருவி மெத்தையைக் குழியவிட்டு, மேலே ஐந்து வயது மகளைப் படுக்க வைத்துப் படம் எடுத்தான்.

“குழந்தைய எதுக்குங்க இதுல இழுக்கறீங்க?” என்றாள் மனைவி.

“நீ சும்மா இரு. குழந்தை மூஞ்சியப் பாத்தா பேங்க்காரன் மறுபேச்சு பேசமாட்டான். ஏய், சிரிக்காத பாப்பா. வலிக்கற மாதிரி மூஞ்சிய வை. இடது முட்டிய மடக்கு. அப்படித்தான்.”

பத்தே நாளில் பணம் வந்தது. கூடவே ஒரு கடிதம்: பொருள் இனி உங்களுடையது அல்ல, விற்றவர் எடுத்துச் செல்லும் வரை, நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ளபடியே அதை வைத்திருக்கவும். வாயெல்லாம் பல்லாக அதை மனைவிக்குப் படித்துக் காட்டினான். பலகைகளைத் திரும்பப் பொருத்தினான். ஒரு மாதமாக மூவரும் அதில்தான் தூங்கினார்கள்.

இன்று சனிக்கிழமை மத்தியானம். மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வெளியே மழை மேகம் கட்டியிருந்ததால் படுக்கையறையில் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் மாதிரி தேங்கி நின்றது; கூடத்தில் மகள் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டும் சரசரப்பும், இடையிடையே அவளுடைய சளி இருமலும், மாடி வீட்டுக் குழாய் சொட்டுவதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன. அவன் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தான். பலகைகள் அத்தனையும் இருந்தன. மெத்தையின் அடிப்பக்கம் சமமாக இருந்தது. குழி மேலே மட்டும்தான்.

குழிக்குள் கையை வைத்தான். இதமான சூடு. யாரோ இப்போதுதான் எழுந்து போன சூடு. குழந்தையின் தலைமுடியில் தேய்க்கும் எண்ணெயின் வாசனை லேசாக வந்தது. விளிம்பைத் தடவிப் பார்த்தான். இங்கே தலை. இங்கே தோள். இங்கே மடங்கிய ஒரு முட்டி, இடது முட்டி. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

கைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

“சார், வணக்கம். பழுதான பொருளை எடுக்க வந்திருக்கோம். கீழதான் நிக்கறோம்.”

பயத்தை மறைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி திமிர். “வந்து தூக்கிட்டுப் போய்யா உன் ஓட்டை மெத்தைய. இதுக்கு ஒரு மாசமா உங்களுக்கு?”

“எடுத்துக்கறோம் சார். படத்துல உள்ளபடியே இருக்கணும். ஒண்ணு குறையுது.”

“என்ன குறையுது?”

“படத்தைப் பாருங்க சார்.”

அவன் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

“பொருள் நல்லாத்தான் இருந்தது, பொய்ப் புகார் குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். வெறும் கையோட திரும்பிடறோம்.” குரலில் மரியாதை குறையவே இல்லை.

ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம். கூடத்தில் மகள் இருமிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த மகா புத்திசாலி கணக்குப் போட்டான்: ஒத்துக்கொண்டால் பழைய ஏழு புகாரையும் தோண்டுவார்கள். கார்டை முடக்குவார்கள். அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரிப்பார்கள். பெற்ற பிள்ளை ஒரு தட்டில், இந்தக் குப்பையெல்லாம் மறு தட்டில். அவனுக்கு யோசிக்க வேண்டியிருந்தது.

“யார்கிட்ட பேசறேன்னு தெரியுமா? பழுதுதான். எங்க வேணா வந்து சொல்வேன்.”

“சரிங்க சார்.”

இருமல் நின்றது. சரசரப்பும் நின்றது.

“பாப்பா?”

கூடத்துக்கு ஓடினான். பாதி வண்ணம் தீட்டிய வீடு. மூடி திறந்த பேனாக்கள். அவள் இல்லை. வாசல் கதவில் உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. குளியலறை. சமையலறை. பால்கனி. இல்லை.

படுக்கையறைக்குத் திரும்பினான்.

குழிக்குள் அவள் படுத்திருந்தாள். அளவெடுத்த மாதிரி. இடது முட்டி மடங்கியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. முகத்தில் அவன் வைக்கச் சொன்ன வலி. இப்போது அது நடிப்பு இல்லை.

இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தான். எடை கூடவில்லை. ஆனாலும் வரவில்லை. இடுப்பைச் சுற்றி மெத்தைத் துணி மெதுவாக ஏறியது. மார்பு. கழுத்து.

“அப்பா, நான் சிரிக்கல” என்றாள்.

“பொய்! பொய் சொன்னேன்! மெத்தை நல்லாத்தான் இருக்கு! பழுதே இல்ல!” கைபேசியைப் பார்த்துக் கத்தினான்.

“இப்ப படத்துல உள்ளபடியே இருக்கே சார்.”

துணி மூடிக்கொண்டது. குழி இல்லை. கடையிலிருந்து வந்த அன்று இருந்ததுபோலச் சமம், வெண்மை.

சமையலறைக் கத்தியை எடுத்துவந்து கிழித்தான். பஞ்சு. இன்னும் ஆழமாக. பஞ்சு. தலைமாட்டிலிருந்து நடுவரை கிழித்தான். பஞ்சு, பஞ்சு, அடிப்பலகை.

“பொருளைச் சேதப்படுத்தாதீங்க சார்.”

படிக்கட்டில் இரண்டு பேர் ஏறிவரும் சத்தம். அவசரமே இல்லாத கால்கள்.

அவன் கத்தியோடு கால்மாட்டைப் பார்த்தான். இன்னும் கிழிக்காத துணிக்கு அடியில் ஐந்து சின்ன விரல்கள் புடைத்துக்கொண்டு, வழி தேடி, மெல்ல மெல்ல அவனை விட்டு விலகி நகர்ந்துகொண்டிருந்தன.