மூன்றாவது முறையும் ஸ்டீயரிங் ஆடியது

"இங்க இருக்கிற யாருக்குமே வண்டி பார்க்கத் தெரியாதா?"

மழையில் சொட்டச் சொட்ட நனைந்து வந்தவள், ஷோரூம் சர்வீஸ் மேஜையில் வேன் சாவியை ணங்கென்று வைத்தாள். எதிரே இருந்த மெக்கானிக் நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அம்மாடி... என்ன கண்ணடா இது! கோபத்திலேயே இவ்வளவு அழகென்றால், சிரித்தால் நம் கதி?

"போன வாரமே பார்த்தோமே மேடம்... குறை ஒண்ணும் இல்லன்னு..."

"ரெண்டு தடவை அப்படித்தான் எழுதிக் கொடுத்தீங்க! ஸ்கூல் வேன் சார் இது. பதினாலு பிள்ளைங்க. ஸ்டீயரிங்கைத் திருப்பினா, கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் வண்டி திரும்புது!"

சட்டென்று குரலைத் தாழ்த்தி, வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

"எங்க அண்ணன் வெளிய உங்க மேனேஜரோட பேசிட்டு இருக்கார். இன்னிக்கும் ஒண்ணும் இல்லன்னா, எனக்கு ஓட்டத் தெரியலன்னு அர்த்தமாம். வேனை வித்துடுவாராம்..."

இரண்டு ரிப்போர்ட்டிலும் இருந்தது அவன் கையெழுத்து! இந்தக் கண்களிடம் அதை எப்படிச் சொல்ல?

சக்கரங்கள் தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை ஆட்ட, இன்னொருவர் கீழேயிருந்து பார்க்க வேண்டும். அதுதான் முறை. துணைக்கு ஆளில்லாத அவசரத்தில், இரண்டு தடவையும் அவன் தனியாகவே வண்டியை லிஃப்டில் தூக்கிப் பார்த்திருந்தான். பாரம் இல்லாமல் தொங்கும் சக்கரம் உண்மையைச் சொல்லுமா என்ன?

வேனை சர்வீஸ் குழியின் மேல் கொண்டுவந்து நிறுத்தினான். "நீங்களே சீட்டுல உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கினான். "லேசா இடது, வலது ஆட்டுங்க..."

"ஆட்டறேன்... தெரியுதா?"

ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்கும் இணைப்பில் வைத்திருந்த விரலுக்கு அடியில் டக், டக்!

"தெரியுது! ஜாயின்ட் தேய்ஞ்சு போச்சுங்க!"

"நான் சொன்னேன்ல!" மேலே ஒரே துள்ளல். அவனுக்கும் குழிக்குள் குதிக்க வேண்டும் போலிருந்தது.

அண்ணனும் மேனேஜரும் ஓடி வந்தார்கள். "இப்பத்தான் தேய்ஞ்சிருக்கும், இல்லப்பா?" என்று மேனேஜர் கண்ணைக் காட்டினார்.

"பார்த்தியா? நீ ஓட்டுற லட்சணம்!" என்றார் அண்ணன்.

அவள் முகம் வாடிவிட்டது. தலையாட்டினால் அவன் பெயர் தப்பிக்கும். ஏழு வருஷத்தில் ஒரு புகார் வாங்காத பெயர்.

"இல்ல சார், முதல்லேர்ந்தே இருந்திருக்கு. ரெண்டு தடவையும் நான்தான் தப்பாப் பார்த்தேன். உங்க தங்கச்சிக்கு நல்லாவே ஓட்டத் தெரியும். எனக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியல."

மேனேஜர் முறைத்தார். அவளோ... அவனையே பார்த்தாள்.

ஜாயின்ட்டை மாற்றி, சக்கரத்தை நேர்படுத்தி, ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டார்கள். ஸ்டீயரிங்கில் அவள். பக்கத்தில் அவன். கண்ணாடியில் மழை.

"அந்தக் கையெழுத்து உங்களோடதுதானா? வந்ததுமே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்னைத் திரும்பிக்கூட பார்க்க மாட்டீங்களேன்னு பயம்..." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "பார்த்த நிமிஷமே பிடிச்சுப்போச்சுங்க. அதான்..."

ஒரு சுற்று முடித்துத் திரும்பிய வேன், ஷோரூம் வாசலில் நிற்காமல் தாண்டிப் போனது.

"ஏங்க... வாசல் போயிருச்சு!"

"தெரியும். எனக்கு ஓட்டத் தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க?" சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. "இதுவரைக்கும் யாருமே எனக்காக அப்படிச் சொன்னதில்ல. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்ப."